தோணிக்குள் வைத்த தறி

கரைவலைக் கயிற்றில் எனக்குக் கிடைத்த இடம் வேறொருவருக்காக வைத்திருந்த இடம். வலைக்கும் தோணிக்கும் தலைவரான சாய்ந்தமருதுத் தண்டயல் என்னை வேலைக்கு எடுத்த அன்றே அதைச் சொல்லிவிட்டார்.

"மருமகன் வரும் மட்டும் நில்லு. அவரு வந்தா நீ வேற இடம் பாத்துக்கணும். மறுகா மனவருத்தப்படக் கூடா."

எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. நான் இறக்காமத்தில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். சில வருடம் கழித்து வாப்பாவின் வயலையும் விட்டேன். வயல் வேலையில் முடிவு என்று ஒன்று கிடையாது. வெட்டி முடித்த அன்றே அடுத்த போகத்தைப் பற்றிக் கதைப்பார்கள். கல்லோயாப் பக்கம் வாய்க்கால் வெட்டினார்கள், அங்கே மண் சுமந்தேன். தென்னந்தோட்டங்களில் தேங்காய் உரித்தேன். லொறிகளில் மூட்டை ஏற்றினேன். எந்த இடத்திலும் எப்போது போகலாம் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தால் எந்த வேலையும் செய்வேன்.

கரைவலை கூட்டத்தின் தொழில். தோணி வலையை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போய், அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டுத் திரும்பும். வலையின் இரண்டு பக்கத்துக் கயிறுகளும் கரையில் இருக்கும். இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று இழுக்க வேண்டும். வலையும் தோணியும் ஆட்களும் தண்டயலின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. கயிற்றில் பிடிக்கிறவனுக்கு மீனைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல உரிமையில்லை. "இழு" என்றால் இழுக்க வேண்டும். "விடு" என்றால் விட வேண்டும். தோள் தோலுரிந்து, பிறகு காய்த்துப்போகும். ஆட்கள் என் பெயரைக் கேட்டார்கள், மறந்தார்கள், இறக்காமத்தான் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். யானைக்குப் பயந்து கடலுக்கு ஓடிவந்தவன் என்று பகடி பண்ணினார்கள்.

தண்டயலுக்கு ஒரே மகள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். இந்த மாப்பிள்ளை மருதமுனைக்காரர், நெசவாளி. கலியாணம் பேசப் போனபோது அவர் பக்கத்தில் வேறெதுவும் பெரிதாகக் கேட்கவில்லையாம். ஒன்றுதான் சொன்னார்களாம்: அவர் தறியோடுதான் வருவார். தண்டயல் யோசிக்காமல் ஓம் என்றிருக்கிறார். அவருடைய எண்ணம் வேறு. அலை வாசலில் அடிக்கிற வீட்டில் குடியிருந்துகொண்டு எந்த ஆம்பிளையும் தறியில் உட்கார்ந்திருக்க மாட்டான், தானாகக் கடலுக்கு இறங்குவான் என்று அவர் நம்பினார்.

கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில் அவர் மருமகனிடம் நேராகவே கதைத்துவிட்டார். அந்தப் பேச்சை அவரே கரையில் எல்லோருக்கும் சொன்னார்.

"நான் செல்லிட்டன். ஒரு மாரி முடியும் மட்டும் பாப்பம். தறி ஓடினா ஓடட்டும். மாரிக்குள்ள தறி நிண்டா, மருமகன் வலைக்கு வாற. அவரும் ஓமெண்டுட்டார்."

"அப்ப இறக்காமத்தான் மூட்டயக் கட்ட வேண்டியதுதான்" என்றார் எனக்குப் பின்னால் கயிறு பிடிக்கிற காக்கா. மூத்த ஆம்பிளைகளை எங்கள் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவது.

"மூட்ட இருந்தாத்தானே கட்டுறதுக்கு" என்றேன்.

தறியை மருதமுனையிலிருந்து மாட்டு வண்டியில் கொண்டுவந்தோம். நானும் மருமகனும் வண்டிக்குப் பின்னால் நடந்தோம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மெலிந்த உடம்பு, நல்ல தொடை. தறியின் மிதிகட்டையை மிதித்து மிதித்து வந்த தொடை அது. தண்டயல் ஒருமுறை அவரைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய், அவர் குடலே வெளியே வரும்படி சத்தி எடுத்த கதை கரை முழுக்கத் தெரியும். நான் அதைப் பற்றி அவரிடமே கேட்டேன்.

"ஓம், எடுத்தன்" என்றார். "கடல் எனக்கு ஒத்துவராது மச்சான். ஒத்துவந்தாலும் போகமாட்டன்."

"ஏன்?"

"உங்கட தொழில்ல நாள் முழுக்க ஒராள் 'இழு, இழு' எண்டு சத்தம் போடுறார். தறியில என்னய ஒருத்தரும் அதட்டுற இல்ல. நூல் அறுந்தா நானே நிப்பாட்டுவன், நானே முடிச்சிப் போடுவன்."

இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சாப்பாட்டில் தனக்கு எது பிடிக்கும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

தறியை எங்கே வைப்பது என்பதில் முதல் சிக்கல் வந்தது. அவர் வீட்டின் முன்னறையைக் கேட்டார். மாமியாருக்கு அது சரிவரவில்லை. மீன்பிடிக்காரர் வீடுகளில் விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஆம்பிளைகள் இல்லை. பகல் முழுக்க வீடு பெண்களுடையது. முக்காடு இல்லாமல் நடக்கலாம், பக்கத்து வளவுக்குக் கேட்கும்படி கதைக்கலாம், காலை நீட்டிக்கொண்டு மீன் வெட்டலாம். மருமகனுக்கு முன்னால் மாமியார் சத்தம் போட்டுக் கதைக்கக் கூடாது. நேரே நின்று கதைப்பதும் இல்லை. அப்படிப்பட்ட மருமகன் விடிந்தது முதல் பொழுதுபடும் வரை முன்னறையில் உட்கார்ந்திருந்தால் அந்த மனிசி எங்கே போவார்? அவர் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொன்னார். மகள் புருஷனிடம் சொன்னார்.

"உம்மா செல்றா, பகல்ல மாப்புள வீட்டுல இரிக்கிற வீடு இந்த வட்டாரத்துலயே இல்லயாம். தும்முறதுக்கும் யோசிக்க வேண்டிக் கிடக்காம்."

மருமகன் சிரித்துவிட்டு, வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொள்கிறேன் என்றார். கடல் பக்கமாக, பின்னிய தென்னோலைக் கிடுகால் ஒரு கொட்டில் கட்டினோம்.

அவருடையது குழித்தறி. நெய்கிறவர் தரை விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகட்டைகளை மிதிக்க வேண்டும். குழி இல்லாமல் தறி இல்லை. மருதமுனையில் அவருடைய உம்மா வீடு வயல் பக்கம். மண் இறுகிய மண், வெட்டினால் சுவர்போல நிற்கும். இங்கே மணல். கரையில் வேலை இல்லாத நேரங்களில் நானும் அவரும் வெட்டினோம். இடுப்பளவு போவதற்குள் நாலு பக்கமும் சரிந்து குழி சட்டிபோல ஆகிவிடும். கிடுகு கட்டி மறித்தோம், கிடுகோடு சரிந்தது. தென்னங்குற்றி அடுக்கினோம். குற்றிகளுக்கு இடையால் மணல் ஒழுகியது. அடியில் தண்ணீர் ஊறியது. கல் வைத்துச் சீமெந்து பூசலாம்தான். அந்தக் குடும்பத்தில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. சீமெந்தால் வீடு கட்டுகிறவர்களே அப்போது குறைவு.

தண்டயல் இதையெல்லாம் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் சந்தோஷமாகத்தான் பார்த்தார். குழி சரியும்போதெல்லாம் ஒரு சுருட்டுப் பற்றவைப்பார். மருமகன் வலைக்கு வரும் நாள் நெருங்குகிறது என்ற சந்தோஷம். அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு வேலை கண்ணுக்கு முன்னால் கோணலாக நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. ஒருநாள் சுருட்டை எறிந்துவிட்டுக் கொட்டிலுக்குள் வந்தார்.

"ரெண்டு பேரும் ஏறுங்க வெளிய. என்ன வெட்டு இது, நண்டு கிண்டுற மாதிரி. இது மண்ணோட செய்யிற வேல இல்ல மருமகன், தண்ணியோட செய்யிற வேல. தண்ணிக்குள்ள காஞ்ச இடம் வேணுமெண்டா அதுக்கு ஒரு சாமான்தான் இரிக்கி."

வீட்டுக்குப் பின்னால் தென்னைகளுக்கு நடுவில் சின்னத் தோணி ஒன்று கவிழ்த்துக் கிடந்தது. கரைவலை வாங்குவதற்கு முன் அவர் தனியாகத் தொழில் செய்த தோணி. அதை நிமிர்த்தினோம். அவரே பலகை இடுக்குகளில் பஞ்சு அடைத்தார். அவரே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினார். கடலுக்கு இறக்கப்போகிற தோணிக்குக்கூட அவ்வளவு கவனம் எடுத்ததை நான் பார்க்கவில்லை. வலை ஆட்கள் எல்லோரும் கூடினார்கள். நீளமாகக் கிடங்கு வெட்டி, சரிவதற்குள் தோணியை அப்படியே உள்ளே இறக்கி, சுற்றிவர மணலைத் தள்ளி மிதித்தோம். தோணி கொட்டிலைவிட நீளம். அதன் முன்மூக்கான அணியம் கிடுகுச் சுவரைக் கடந்து வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது.

மிதிகட்டைகளுக்கு அடியில் ஒரு முளை வேண்டும். மருமகன் தோணியின் அடிப்பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"மாமா, இதுல ரெண்டு துளை போட்டு முளைய மணலுக்குள்ள இறக்கினா அசையாது."

தண்டயலின் முகம் மாறியது. "துளையா? தோணிக்கா? என்ன கத கதைக்கிறீங்க மருமகன்? அடுப்பில விறகா வெச்சாலும் நான் துளை போட விடமாட்டன்."

சுற்றி நின்ற அத்தனை பேரும் அவருக்குச் சரி சொன்னார்கள். தோணியில் துளை போடுவது என்ற சொல்லே அவர்களுக்குக் காதில் விழக் கூடாத சொல். கனமான மரம் ஒன்றைக் குறுக்கே கிடத்தி, அதன்மேல் கல் ஏற்றி, மிதிகட்டைகளை அதில் பொருத்தினோம். தறியின் கால்கள் மணலில் நிற்கவில்லை. அவற்றைத் தோணியின் விளிம்போடு சேர்த்து வலைக்கயிற்றால் கட்டினார்கள். அந்தக் கட்டைப் புயலாலும் அவிழ்க்க முடியாது என்று கட்டினவரே சொன்னார். பாவு நூல் தறியிலிருந்து நீண்டு கொட்டிலின் மறு கோடிக்குப் போய், அங்கே நட்ட தென்னங்கட்டையில் இழுத்துக் கட்டப்பட்டது. அந்த ஒரு கட்டை மட்டும்தான் நிலத்தில் நின்றது.

பிறந்தது முதல் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆட்கள் அத்தனை பேர் அங்கே நின்றார்கள். உள்ளே தண்ணீர் வரக் கூடாது என்பதைப் பற்றி எல்லோரும் யோசித்தார்கள். தோணி என்றால் மிதக்கும் என்பதை ஒருவர்கூட யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை, ஆனால் நான் யானைப் பக்கத்து ஆள்.

தறி ஓடியது. இடுப்பில் கட்டுகிற சாறன்தான் நெய்தார், கட்டம் போட்ட சாறன். சத்தம் கடற்கரைக்குக் கேட்டது. வலை இழுக்கிறவர்கள் போகும்போதும் வரும்போதும் நீட்டிக்கொண்டிருக்கும் அணியத்தைத் தட்டிவிட்டுப் போவார்கள்.

"மாப்புள, எந்தக் கரைக்குப் பயணம்?"

"காத்துப் பாத்துட்டு இரிக்கன்" என்பார் உள்ளேயிருந்து.

"ஒரு மீனையும் காணல்லயே."

"உங்கட வலையில மட்டும் என்ன, நேத்து முழுக்கச் சொறிமுட்டைதானே?"

முன்பு அவரைக் கண்டால் சத்தி எடுக்கிற மாதிரி ஓங்காளித்துக் காட்டியவர்கள், இப்போது பதில் கேட்பதற்காகவே தட்டினார்கள். தண்டயலுக்கு மட்டும் அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தோணி நன்றாக வேலை செய்தது என்பதில் அவருக்குப் பெருமை. அது நன்றாக வேலை செய்ததால் மருமகன் வலைக்கு வரவில்லை என்பதில் வருத்தம். ஒரே மனிதருக்குள் இரண்டும் இருந்தன.

மாரி வந்தது. வாடைக் காற்று எழும்பினால் கரைவலைக்குக் கடல் இல்லை. தோணியை மேட்டில் ஏற்றி, வலையை வாடியில் கட்டித் தூக்கிவிடுவோம். வாடி என்பது வலையும் கயிறும் வைக்கிற கொட்டில். நான் அங்கேதான் படுப்பது. ஆட்கள் சிலர் வயல் வேலைக்கு நாவிதன்வெளிப் பக்கம் போனார்கள். சிலர் வீட்டில் கிடந்தார்கள். நான் தண்டயல் வீட்டிலேயே ஒட்டிக்கொண்டேன். மருதமுனைக்குப் போய் நூல் வாங்கி வருவது, நெய்த சாறனைக் கொண்டுபோய்க் கொடுப்பது, விறகு கொத்துவது. சாப்பாடு கிடைத்தது.

அந்தச் சாப்பாடு தறியிலிருந்து வந்தது. அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கருவாடு முடிந்த பிறகு அரிசி, தேங்காய், மண்ணெண்ணெய் எல்லாம் சாறனாகப் போய்த்தான் வந்தன. மகள் நூல் சுற்றப் பழகியிருந்தார். மாமியாரும் நூல் ராட்டைக் குசினி அடுப்படியில் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காத மாதிரி சுற்றிக் கொடுத்தார். தண்டயல் தினமும் கடற்கரைக்குப் போய் அலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். வேலை இல்லாத தண்டயலைப்போலக் கஷ்டமான ஆள் கிடையாது. உப்பில் குறை சொல்வார், கூரையில் குறை சொல்வார், தறிச் சத்தத்தில் தலையிடி வருகிறது என்பார். தறி கொஞ்ச நேரம் நின்றால் படுத்த பாயிலிருந்து எழும்பி, "என்ன, சத்தத்தக் காணல்ல? மருமகனுக்குச் சுகமில்லயா?" என்று கேட்பார்.

பிறகு அடைமழை பிடித்தது. கிணற்றுத் தண்ணீர் கையால் அள்ளுகிற அளவுக்கு வந்தது. வளவில் கால் வைத்தால் கால்தடம் நிரம்பியது. கொட்டிலின் கூரை நல்ல கூரை, தோணிக்குள் ஒரு சொட்டு இல்லை. மருமகன் காய்ந்த காலோடு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து நான் கொட்டில் வாசலில் நின்றேன். அவர் கையை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்தார். முகம் வெளிறியிருந்தது.

"மச்சான், எனக்குத் தல சுத்துதா, இல்லாட்டி இது ஆடுதா?"

ஆடியது. முதலில் மெல்ல, தொட்டில்போல. பிறகு பக்கத்து மணல் குழம்பி வாய் திறந்தது. தோணி ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தத்தோடு எழும்பியது. தறியும் அதோடு எழும்பியது. அந்தக் கட்டு அவிழவில்லை. நிலத்தில் நட்ட கட்டை மட்டும் எழும்பவில்லை. பாவு விறைத்து, ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நூல்கள் அறுந்துகொண்டு போயின. தகரத்தில் மழை விழுகிற மாதிரிச் சத்தம். மருமகன் வெளியே பாய்ந்து வேலியைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தார்.

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தில் கிடந்த வலை ஆட்கள் ஓடிவந்தார்கள். பார்த்தார்கள். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார், தோள் குலுங்கியது. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

"காக்கா, நங்கூரம் போட மறந்திட்டீங்க!" என்று ஒருவர் ஓடிவந்த தண்டயலிடம் சொன்னார்.

"ஏறுங்கடா எல்லாரும், அமத்துவம்" என்று தண்டயல் கத்தினார். ஏறினோம். எங்கள் பாரத்துக்குத் தோணி கொஞ்சம் இறங்கியது. இறங்கினோம், அது எழும்பியது. மறுபடி ஏறினோம். மழையில் நனைந்துகொண்டு, ஓடாத தோணிக்குள் வரிசையாக நின்ற எங்களைப் பார்த்து மகள் அழுதுகொண்டே சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் எனக்குப் பின்னால் கயிறு பிடிக்கிற காக்கா சொன்னார்: "மாரிக்குள்ள தறி நிண்டுட்டு. பேச்சுப்படி மாப்புள வலைக்குத்தான்."

எல்லோரும் மருமகனைப் பார்த்தார்கள். அவர் வாயைக் கழுவிவிட்டு வந்து, அறுந்த நூல்களைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றார். "பேச்செண்டாப் பேச்சுத்தான். கடல் திறக்கட்டும் மாமா, வாறன்."

தண்டயல் அந்த நூல்களைப் பார்த்தார். அவர் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் முகத்தில் அது தெரியவில்லை.

அப்போதுதான் மாமியார் குசினியிலிருந்து வெளியே வந்தார். முக்காடு நனைந்து தலையோடு ஒட்டியிருந்தது. மருமகனும், ஊர் ஆம்பிளைகளும் நிற்கிற இடத்தில், அவர் தன் புருஷனைப் பார்த்து முழுச் சத்தத்தில் கதைத்தார். அந்த வளவில் அதற்கு முன்னால் அப்படி ஒன்று நடந்ததில்லை.

"கடல் திறக்க மட்டும் என்னத்தத் திங்கிற? கடற்கரையில போய்ப் போய்ப் பாத்துட்டு வாறீங்களே, அந்த அலையத் திங்கிறயா? இந்தப் புள்ளைட கால்தான் இந்த மாரிக்கு நமக்குச் சோறு. துளை போடுவம் எண்டு அண்டைக்கே செல்லிச்சி. தோணியாம், மரியாதையாம்! மனிசருக்கு மரியாத இல்லயா?"

சொல்லிவிட்டு, தான் எங்கே நிற்கிறேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல, முக்காட்டை இழுத்துவிட்டு உள்ளே போனார். ஆட்கள் ஒவ்வொருவராக மழையைக் காரணம் காட்டிக் கழன்றார்கள்.

தண்டயல் வெகுநேரம் அணியத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "துறப்பணத்தக் கொண்டா" என்றார். மரத்தில் துளை போடுகிற ஆயுதம் அது. கொண்டுவந்தேன். நான் இறங்கப் போனபோது, "நீ ஏறு" என்றார். மருமகன் கை நீட்டினார். "நீங்களும் தள்ளி நில்லுங்க."

அவரே உள்ளே இறங்கினார். மிதிகட்டைகளை ஒதுக்கிவிட்டு, குந்தி உட்கார்ந்து, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லித் துறப்பணத்தை அடிப்பலகையில் வைத்தார். பழைய மரம், நல்ல மரம், சுலபத்தில் விடவில்லை. கை மாற்றி மாற்றிச் சுழற்றினார். முதல் துளையால் தண்ணீர் விரல் தடிப்பில் குதித்து அவர் முழங்காலில் அடித்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. இரண்டாவது துளை போட்டார், மூன்றாவது போட்டார். தண்ணீர் ஏற ஏறத் தோணி தயங்கித் தயங்கி இறங்கியது. தறி பழைய மட்டத்துக்கு வரும் வரை அவர் அந்தத் தண்ணீருக்குள்ளேயே குந்தியிருந்தார். பிறகு துறப்பணத்தை என்னிடம் நீட்டினார். "துடைச்சி எண்ணெ பூசி வை, துரு புடிச்சிரும்" என்றார்.

அறுந்த பாவு நூல்களை முடிந்தெடுக்க மருமகனுக்கும் மகளுக்கும் பல நாள் ஆனது. ஒவ்வொரு நூலாகத் தேடி, அதன் சோடியைப் பிடித்து முடிய வேண்டும். மிதிகட்டை மரத்தின் கீழ் கல்லை உயர்த்தினோம். அப்படியும் கணுக்கால் வரை தண்ணீர். அந்த மாரியின் மிச்சம் முழுக்க அவர் தண்ணீருக்குள் மிதித்துத்தான் நெய்தார். மிதிக்கும்போதெல்லாம் சளக் சளக் என்று கேட்டது. விரல் இடுக்குகளில் புண் வந்தது. பொழுதுபட்டதும் மகள் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் காய்ச்சிப் பூசிவிடுவார். மாமியார் இப்போது வாசலில் உட்கார்ந்தே ராட்டுச் சுற்றினார்.

தோணியைத் தாழ்த்திய கதையைத் தண்டயல் கடற்கரையில் வேறு மாதிரிச் சொன்னார். தண்ணீர் ஏறும்வரை பொறுத்திருந்துதான் துளை போட வேண்டுமாம். முதலிலேயே போட்டால் மரம் இறுகாதாம். யாரும் மறுத்துப் பேசவில்லை.

மாரி முடிந்து கடல் அடங்கியது. வலையின் கிழிசல்களைப் பொத்திச் சரிபண்ணி, முதல் நாள் வலை வளைப்பதற்குக் கரையில் கூடினோம். பேச்சுப்படி அந்த இடம் இனி என்னுடையது இல்லை. நான் ஒதுங்கி நின்றேன். மருமகன் வந்தார். சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் துணி சுற்றிக்கொண்டு, மற்ற ஆட்களைப் போலவே வந்தார். வந்து கயிற்றின் பக்கத்தில் நின்றார். யாரும் பகடி பண்ணவில்லை.

தண்டயல் அவருடைய கால்களைப் பார்த்தார். தோல் வெளுத்து, உரிந்துபோயிருந்தது.

"நீங்க என்னத்துக்கு இஞ்ச?" என்றார்.

"பேச்சு மாமா."

"என்ன பேச்சு? பாவு கஞ்சி போட்டுக் காயப்போட்டுக் கிடக்கு. மழ வாற மாதிரி இரிக்கி. போங்க, போய் எடுத்து வைங்க."

வானத்தில் ஒரு துண்டு முகில் இல்லை. மருமகன் வானத்தைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், திரும்பி நடந்தார். தண்டயல் அவர் போவதைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார்.

"இறக்காமத்தான், என்ன வாயப் பாத்துட்டு நிக்கிற? புடி கயித்த. இனி அது உன்ட இடம்தான்."

பிடித்தேன். அன்று நல்ல பாடு, கீரி மீன் வலை நிறையக் கிடந்தது. ஆட்கள் சந்தோஷமாக இழுத்தார்கள். கயிறும் மணலும் "இழு" என்ற சத்தமும் போன வருடத்தவைதான். எனக்கு மட்டும் தோளில் பாரம் கூடியிருந்தது. இனி எப்போது போகலாம் என்பது எனக்குத் தெரியாது. அடுத்து வந்த நாட்களில் தண்டயல் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கதைக்கத் தொடங்கினார். தோணி ஏறப் பழகு என்றார். நம்முடைய பக்கத்தில் நல்ல குடும்பத்தில் ஒரு பெண் இருக்கிறது, வீடு வளவு எல்லாம் இருக்கிறது என்றார். மாமியார் என்னுடைய கோப்பையைத் தனியாக எடுத்து வைக்கத் தொடங்கினார். அவர்கள் நல்லது செய்தார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தேங்காய் லொறி ஒன்று பொத்துவில் பக்கம் போவதாகக் கேள்விப்பட்டு, ஒரு காலையில் வலை இழுத்து முடிந்ததும் அவரிடம் சொன்னேன்.

"உனக்கு இஞ்ச என்ன குற வெச்சம்?" என்று கேட்டார்.

"ஒண்டும் இல்ல காக்கா."

"வேல கஷ்டமா?"

"இல்ல."

"அப்ப என்னத்துக்குப் போற?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நெசவுக்கார மச்சானாக இருந்தால் சொல்லியிருப்பார். அவருக்குத் தன் தொழில் எது என்று தெரியும். தண்டயல் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கிழிந்த வலையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார், பொத்தலாமா, விடுவமா என்று. பிறகு எனக்குச் சேரவேண்டியதைக் கொடுத்து, இரண்டு மீனை ஈர்க்கில் கோத்துக் கையில் தந்தார்.

"சாப்பிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது வலை வளைக்கத் தோணி இறங்கிக்கொண்டிருந்தது. நான் மீனோடு வீதிக்கு ஏறித் திரும்பிப் பார்த்தபோது என்னுடைய இடத்தில் வேறொருவன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.